வெந்நீர் அடுப்பின் வாசனை

எங்க நிலத்துல ஒண்ணும் தேறாது. மாதனூர் தாண்டி பாலாத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு. கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியாது, மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கும். கேழ்வரகு விதைச்சா விரல் உசரம் வரும், அப்புறம் மஞ்சளடிச்சு சாஞ்சிடும். வித்துடலாம், பிளாட் போடறவங்க கேக்கறாங்கன்னு பெங்களூர்ல இருக்கற என் கொழுந்தன் போன் மேல போன். பட்டா இருக்கறது எங்க அத்தை பேர்ல, அதாவது என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க பேர்ல. அவங்க அவனையும் பகைச்சுக்கல, என்னையும் பகைச்சுக்கல. இந்த ஒரு போகம் பாப்போம், விளைஞ்சா நிலம் இருக்கட்டும், இல்லன்னா வித்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு அதை விட மனசே இல்ல. என் வீட்டுக்காரர் தோல் பதனிடற ஷாப்புல வேலை பாத்தவரு. இந்த வேலையை விட்டுட்டு இந்த மண்ணைச் சரி பண்ணிட்டு உக்காந்துடணும்னு எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. கழிவுத் தொட்டியில அடைப்பு எடுக்க இறங்கினாரு, ஏறி வரல. விஷக் காத்து. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத என்னால ஆகாது.

சாணியைக் கரியாக்கிப் போட்டா செத்த மண்ணு கொஞ்சம் தேறும்னு ஒரு பயிற்சியில சொல்லித் தர்றதா கேள்விப்பட்டுப் போனேன். காய்ஞ்ச வரட்டியை டிரம்முல அடுக்கி, காத்து ஜாஸ்தி புகாம மூடி வேக விடணும். எரிஞ்சு சாம்பலாகக் கூடாது, கரியாவே நிக்கணும். தண்ணி தெளிச்சு அணைச்சு, இடிச்சு, மாட்டு மூத்திரத்துல ஊற வெச்சு அப்புறம் நிலத்துல போடணும். சொல்லிக் குடுத்த பொண்ணு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா. உங்க ஊர்ல அடுப்புக்கு ஷாப்புல சீவிப் போடற தோல் சீவலைப் போடுவீங்க, இதுல மட்டும் போட்டுடாதீங்க, பதம் பண்ணின ஊதாத் தோல்ல குரோம்ங்கற ரசாயனம் இருக்கு, எரிச்சா அது இன்னும் பெரிய விஷமாகி மண்ணுல இறங்கிடும்னா. இதையே எத்தனை தடவைம்மா சொல்லுவ நீன்னு அவ மேல எரிஞ்சு விழுந்தேன்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்துச்சு. என் வீட்டுக்காரர் ஷாப்புல இருந்து அந்தச் சீவலை மூட்டை மூட்டையா கொண்டாந்து போடுவாரு. வேலை விட்டு வந்ததும் கொல்லையில அதைக் கொளுத்தித்தான் குளிக்க வெந்நீர் காய வைப்பாரு. முடி கருகின மாதிரி ஒரு நாத்தம் வரும். தெருவுல வர்றப்பவே அந்த நாத்தம் வந்துச்சுன்னா, மனுஷன் வீட்டுக்கு வந்துட்டாருன்னு அர்த்தம். அவர் போனப்புறம் மிச்ச சீவலையெல்லாம் எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க அத்தைன்னு சொன்னேன். போட்டாச்சுன்னு சொன்னாங்க.

டிரம்மை அடுக்கி வெச்சுட்டு நான் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய்டுவேன். மூட்டறது அத்தை. மொத நாள் சாயங்காலம் மாட்டோட திரும்பறேன், தெருமுனையில கால் நின்னு போச்சு. அந்த நாத்தம். அவர் வந்துட்டாரு. அப்படித்தான் நெனச்சேன், பொய் சொல்லல. கொல்லையில சொம்பு சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கிட்டு நின்னேன். மாடு என்னை விட்டுட்டு முன்னாடி போய்டுச்சு.

கொல்லையில அத்தை மட்டும் டிரம் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தாங்க. இன்னா வாசனை அத்தை இதுன்னு கேட்டேன். சாணிதான்னாங்க. புகை அடங்கற வரைக்கும் நானும் அங்கயே உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் எப்ப டிரம் போட்டாலும் அவர் வந்தாரு. என் மூக்குதான் பேஜார் பண்ணுதுன்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. அதே சமயம் எப்படா அடுத்த டிரம் போடுவோம்னும் இருந்துச்சு. கரியை விட்டுட்டு புகைக்காகவே வரட்டி தட்டினேன்னு சொன்னாலும் தப்பில்ல. ஒரு நாள் எனக்கும் அத்தைக்கும் டீ போட்டு ஊத்தறேன், மூணாவது டம்ளர் என் கையில இருக்கு. யாருக்குன்னு அத்தை கேக்கல. நானும் சொல்லல. பயிற்சி குடுத்த பொண்ணு போன் பண்ணி எப்படிப் போகுதுன்னு கேட்டப்பவும் இதைச் சொல்லல. செத்த புருஷன் சாணிப் புகையில வர்றாருன்னு சொன்னா, நேரா வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவா.

கரி மூட்டை மூட்டையா சேந்துச்சு. வானம் கூடிக்கிட்டு வந்துச்சு, மழைக்கு முன்னாடி நிலத்துல போட்டாகணும். இடிக்கறதுக்காக மொத மூட்டையைத் தரையில கொட்டினேன். கறுப்புக்கு நடுவுல சுருண்டுக்கிட்டு ஒரு துண்டு. ஓரமெல்லாம் கருகி, நடுவுல மட்டும் ஊதாவா இருந்துச்சு. கிளறக் கிளற இன்னும் இன்னும் வந்துச்சு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. மண்ணைக் கொல்றதுக்கா நான் இவ்ளோ பாடு பட்டேன், நிலத்தை விக்கறதுக்கு உங்க சின்னப் பிள்ளை சொல்லிக் குடுத்த வேலையா இதுன்னு அத்தையை வாய்க்கு வந்தபடி கேட்டேன். தெருவே வந்து நின்னுச்சு.

நான் ஓஞ்சப்புறம் அத்தை மெதுவா சொன்னாங்க. "மொத நாளு பத்த வைக்கறதுக்குத்தான் ஒரு பிடி சீவல் போட்டேன். நம்ம கை பழகின பழக்கம். அன்னிக்கு ராத்திரி நீ ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கித் தின்னே கண்ணு. அவன் போனதுல இருந்து நீ அப்படித் தின்னு நான் பாக்கல. அதான் விடாம போட்டேன்."

கிழவியைக் கட்டிக்கிட்டு அழணும் போல இருந்துச்சு. பிடிச்சு உலுக்கணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் செய்யாம கொட்டின கரியை மறுபடியும் மூட்டையில அள்ளினேன். அத்தை வந்து மூட்டை வாயைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். புகையைப் பத்தி மட்டும் சொல்லல. நிலத்துல போடாதீங்க, புதைக்காதீங்க, மழை படாத இடத்துல கட்டி வைங்க, வண்டி அனுப்பறோம்னா. மூட்டையெல்லாம் மாட்டுக் கொட்டாய் மூலையில ஏறிடுச்சு. ஒளிச்சு வெச்சிருந்த மிச்ச சீவலையும் அத்தையே கொண்டாந்து பக்கத்துல வெச்சாங்க. கையில இருந்த வரட்டியை வெச்சு மழைக்கு முன்னாடி முடிஞ்ச வரைக்கும் அவசர அவசரமா புது டிரம் போட்டோம். மொத டிரம் பக்கத்துலயே ரெண்டு பேரும் உக்காந்தோம். வெறும் சாணி வாசனைதான் வந்துச்சு. மாடு வளக்கற எந்த வீட்லயும் வர்ற வாசனை. அத்தை என் மூஞ்சியைப் பாக்கறது தெரிஞ்சுது. அன்னிக்குச் சோறு இறங்கல, ஆனாலும் தின்னேன்.

அந்தப் புதுக் கரி பாதி நிலத்துக்குத்தான் வந்துச்சு. மழையும் நல்லா பெஞ்சுது. அந்தப் பாதியில கேழ்வரகு சாயாம நின்னுச்சு. கொழுத்த கதிருன்னு சொல்ல மாட்டேன், ஆனா கதிருதான். மீதிப் பாதி எப்பவும் போல மஞ்சளடிச்சுக் கிடந்துச்சு. அத்தை பெங்களூருக்குப் போன் பண்ணி, பாதி விளைஞ்சிருக்குப்பா, மீதியை அடுத்த போகத்துல பாக்கறோம், விக்கற பேச்சை இத்தோட விடுன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. நான் அடுப்படிக்குள்ள போய் அழுதேன்.

வண்டி வந்தது அறுப்பெல்லாம் முடிஞ்சப்புறம்தான். கையுறை போட்ட ரெண்டு பேரு மூட்டையைத் தூக்கித் தூக்கி உள்ள போட்டாங்க. அத்தை எழுந்து போய், "மெதுவா வைப்பா"ன்னாங்க. கரிதானே ஆயா, உடைஞ்சா இன்னா இப்போன்னு ஒருத்தன் சிரிச்சான். அத்தை சிரிக்கல. மறுபடியும் அதையேதான் சொன்னாங்க.

கடைசி மூட்டையை வண்டிக்காரங்க ரெண்டு பேரையும் நான் தொட விடல. அத்தை ஒரு பக்கம் பிடிச்சாங்க, நான் ஒரு பக்கம் பிடிச்சேன். அவரைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாதுன்னு தெருமுனையோட எங்களை நிறுத்திட்டாங்க. இந்தத் தடவை வண்டி வரைக்கும் நாங்களே கொண்டு போய் வெச்சோம்.