அறுப்பின் பண்டிகைக்கு வாங்கிய கயிறு

மாட்டின் கழுத்தில் ஒரு வருடம் கிடந்த தேங்காய் நார்க் கயிறு எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. வியர்வை, சாணி, மூத்திரம், எச்சில் எல்லாம் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, நார் என்பதே தெரியாமல் கறுத்த பிசுக்கு ஏறியிருக்கும். விரலை வைத்தால் ஒட்டும். முடிச்சுக்குள் இரண்டு மூன்று உண்ணிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். எனக்கு அதைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும். இப்போதும் புரட்டுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் வயலும் தொழுவுமாக உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சாயந்திரம் திரும்பினால் தொழுவைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன். “டீச்சருக்கு மாடு பாக்கெட்லதான் பால் குடுக்கணும்” என்று என் கணவர் கேலி பண்ணுவார்.

மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவரும், தொழுவில் வேலை செய்ய வரும் ஒரு பெண்ணும்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு பண்ணையரிவாள் செருகியிருக்கும். புல் அறுக்க, கயிறு அறுக்க, தேங்காய் மட்டை கிழிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஒரு தடவை எங்கள் பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றின் பின்னங்கால்கள் முதலில் வெளியே வந்துவிட்டன. என் கணவர் தொழுவிலேயே முழங்காலிட்டு, தாயும் கன்றும் பிழைத்தால் கன்றைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். நான் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டும் பிழைத்தன. அந்தக் கன்று வளர்ந்து செவலைக் கிடேரியாக நின்றபோது அறுப்பின் பண்டிகையும் வந்தது.

வயலிலும் தொழுவிலும் விளைந்ததை அன்றைக்குக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். கொண்டுவருவது எதுவானாலும் பார்வையாக இருக்க வேண்டும். வாழைத்தாரைக் கழுவித் துடைத்து வைப்போம். கோழியின் காலைக்கூட ரிப்பனால்தான் கட்டுவோம். ஆடு மாடு என்றால் குளிப்பாட்டிப் புதுக் கயிறு மாட்டுவோம். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் பெண்கள் கவனிப்பார்கள். முந்தின வருடம் ஒருவர் பழஞ்சேலைக் கிழிசலில் ஒரு ஆட்டைக் கட்டி இழுத்து வந்ததை நாங்கள் ஒரு மாதம் பேசினோம். அதிகம் பேசியது நான்.

அதனால் கடைத்தெருவில் தேடி, ஆகாய நீலத்தில் பளபளவென்று ஒரு நைலான் கயிறு வாங்கி வந்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் அதை அவளிடம் கொடுத்து, நாளைக்கு அந்தப் பழைய அசிங்கத்தை அவிழ்த்து எறிந்துவிட்டு இதைக் கட்டு என்றேன். அவள் கயிற்றை விரலால் நீவிப் பார்த்தாள்.

“டீச்சர், கழுத்துக் கயிற மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. இது வழுக்கும். முடிச்சு நிக்காது. நின்னா ஒரேயடியா இறுகிரும், அவுக்க வராது.”

“கோயிலுக்கு இந்த நாத்தத்தோடயா கொண்டு போவ?”

“நமக்குத்தான் நாத்தம். அதுக்குப் பழகுன வாசம்லா. புதுக் கயிற இதுமேல கோத்துப் பிடிச்சுக்கிடுவோம். கழுத்துல பழசு கெடக்கட்டும்.”

கிடேரியின் கழுத்துக் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டினாள். மாடு எவ்வளவு இழுத்தாலும் அந்த வளையம் சுருங்காது. கட்டுத்தறியில் அவள் போட்டிருந்த முடிச்சு வேறு மாதிரி; நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். “நம்ம இழுத்தா அவுரணும், மாடு இழுத்தா இறுகக் கூடாது. இவ்வளவுதான் டீச்சர் கணக்கு” என்றாள். கணக்கு டீச்சருக்கே கணக்கா என்று எனக்குச் சுருக்கென்றது. வேறு பேச்சுக்கு மாறினேன். “நாளைக்கு நல்ல சேல கட்டிட்டு வா. இடுப்புல அந்த அரிவாள் வேண்டாம். கோயிலுக்கு வார.”

மறுநாள் காலையில் கிடேரியைக் குளிப்பாட்டிவிட்டு அவள் சேலை மாற்றப் போனாள். பழைய கயிறு கழுத்தில் அப்படியே இருந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று எனக்குக் கோபம். பட்டுச்சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே அவிழ்த்தேன். நகம் ஒடிந்தது. நகக்கண்ணில் பிசுக்கு ஏறியது. செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் எருக்குழியில் எறிந்து, கண்ணில் படாதபடி கம்பால் உள்ளே அமுக்கிவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு நீலக் கயிற்றைக் கழுத்தில் சுற்றி, ஒரு கண்ணி போட்டு அதற்குள் நுனியை விட்டு இழுத்துக் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. அதற்குமேல் செவ்வந்தி மாலை போட்டேன்.

அவள் வந்து மாலையைத் தூக்கிப் பார்த்தாள். “இது சுருக்குல்லா” என்றாள். அதற்குள் கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டது. என் கணவர் சத்தம் போட்டார். “சரி, பைய நடத்திக் கூட்டிட்டு வாரேன். அங்கன போயி மாத்திக்கிடுதேன்” என்றாள். கோயில் கேட்டுக்கு வந்ததும், அவள் முடிச்சை மாற்றுவதற்கு முன்பே என் கணவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். அவள் எங்கள் சபைக்காரி இல்லை. கூட்டம் நிறைந்து நின்றதால் கேட்டோடு நின்றுவிட்டாள். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை. அவர் கிடேரியை வேப்பமரத்தில் கட்டினார். நைலான் வழுக்குகிறது என்று முடிச்சின்மேல் முடிச்சாக நாலு போட்டார்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. ஒலிபெருக்கியை அதே வேப்பமரத்தில்தான் கட்டியிருந்தார்கள். ஏலம் விடும் சபைக் கமிட்டிக்காரர் மைக்கைத் தட்டியதும் அது கீச்சென்று அலறியது. கிடேரி ஒரே துள்ளாகத் துள்ளி மரத்தைச் சுற்றி ஓடியது. கயிறு மரத்தில் சுற்றிக்கொள்ள, சுருக்கு இறுகியது. அது இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. கண் வெள்ளையாய்ப் பிதுங்கி, நாக்கு நீலம் பாரித்துத் தொங்கியது. தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பின்னாலே தண்ணீராய்க் கழிந்து, நின்றவர்கள் சேலையெல்லாம் தெறித்தது.

எங்கள் ஆட்கள் அன்றைக்கு நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. ஒருவர் வாலைப் பிடித்து முறுக்கினார். இரண்டு பேர் பின்பக்கமாய் இழுத்தார்கள், இழுத்தால் சுருக்கு இன்னும் இறுகும் என்ற அறிவுகூட இல்லாமல். என் கணவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தளர்த்தப் பார்த்தார். அது உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அத்தனை பேரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் நின்றார்கள். அறுவடைக்காகக் கும்பிட வந்த கூட்டத்தில் ஒருவர் மடியிலும் ஒரு அரிவாள் இல்லை. பெண்கள் சேலை ஓரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். பத்துப் பதினைந்து செல்போன்கள் உயர்ந்தன. ஏலத்துக்கு வைத்திருந்த கருவாட்டுக் கூடையைக் காலில் தட்டிவிட்டார்கள். அந்த நாற்றமும் சேர்ந்துகொண்டது.

கேட்டிலிருந்து அவள் ஓடி வந்தாள். ஓடிவரும்போதே கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பி, அசன விருந்துக்கு ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்த பந்தலுக்கு ஓடி ஒரு கத்தியைப் பிடுங்கி வந்தாள். கத்தியில் கொழுப்பும் ரத்தமும் ஒட்டியிருந்தன. மரத்தோடு இருந்த கயிற்றை அறுத்தாள். கிடேரி பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி, சுருக்குக்கு அடியில் விரலை நெருக்கி நுழைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து அறுத்தாள். ஆட்டுக் கொழுப்பு அதன் கழுத்தெல்லாம் பூசிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விலா ஏறி இறங்கியது. எழுந்து தள்ளாடி, சுவர் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

கமிட்டிக்காரர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அவளை ஏசினார். “ஏளா, மாடு மேய்க்கவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா? காணிக்க மாட்டக் கொல்லப் பாத்தியே.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சேலையில் தெறித்த சாணியைத் தாளால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வளாகத்தில் அன்றைக்கு நாறியவற்றில் என்னைவிட அசிங்கமாக எதுவும் இல்லை.

அடுத்து அவர், மிச்சம் இருந்த நீலக் கயிற்றிலேயே சுருக்குப் போட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். கயிறோடு ஒருவர் இரண்டடி எடுத்து வைத்ததுமே கிடேரி தலையைச் சுவரில் மோதியது. கொம்படியில் ரத்தம் கசிந்தது. இன்னும் நாலு தடவை மோதினால் மண்டை பிளந்துவிடும். கேட்டைத் திறந்தால் நேரே பஸ் போகிற ரோடு. அவள் குறுக்கே போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“டீச்சர், பழைய கயிறு எங்கன?”

“எருக்குழில போட்டுட்டேன்.”

“எடுத்துட்டு வாங்க. அதுக்கு அந்த வாசம் தெரியும். நான் இங்கன நிக்கணும், ஒருத்தரையும் கிட்ட விடக் கூடாது.”

பட்டுச்சேலையோடு, நாங்கள் வந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எருக்குழியில் கம்பை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. உள்ளே இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தது. மேலே காய்ந்த பொருக்கு, அடியில் வெதுவெதுப்பான கறுப்புச் சேறு, கட்டைவிரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள். முழங்கைவரை கையை விட்டுத் தேடினேன். காலையில் தின்ற இட்லியெல்லாம் வாந்தியாய் வந்தது. அதன்மேலேயே நின்றுகொண்டு தேடி எடுத்தேன். மடியில் போட்டுக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

அவள் அதைக் கழுவவில்லை. ஆண்களையெல்லாம் அந்தப் பக்கம் போகச் சொன்னாள். முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், கிடேரியின் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் பைய நடந்தாள். கயிற்றை மூக்குக்கு நேரே நீட்டிவிட்டுச் சும்மா நின்றாள். கிடேரி வெகுநேரம் மோந்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது. அவள் கயிற்றைக் கழுத்தில் சுற்றி முடிந்துவிட்டு, இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

“இப்பம் மட்டும் ஒழுங்காக் கட்டத் தெரியுதுல்லா? காலைல என்ன கேடு வந்துது உனக்கு?” என்றார் கமிட்டிக்காரர்.

“அண்ணாச்சி, காலைல கட்டுனது நான்தான்” என்றேன். “அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகம் கனிந்துவிட்டது. “டீச்சர், வேலைக்காரியக்கூட விட்டுக்குடுக்காத மனசு இருக்கே, அது எல்லாருக்கும் வராது” என்றார். இல்லை அண்ணாச்சி, நிஜமாகவே நான்தான் என்றேன். அவர் கேட்காமல் மைக்கை வாய்க்கு வைத்து, டீச்சரம்மா பட்டுச்சேலையோடு எருக்குழியில் இறங்கிக் காணிக்கையைக் காப்பாற்றிய தாழ்மையைச் சபைக்கு எடுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மறுபடி வாயைத் திறந்தபோது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்.

“விடுங்க டீச்சர். நாத்தம் தாங்கல. போயிக் குளிங்க.”

அன்றைக்குக் கிடேரியை ஏலம் விடவில்லை. டாக்டர் வந்து பார்த்து மருந்து போட்டார். கிடேரிக்குப் பதிலாக என் கணவர் நெல்லைக் கொண்டுபோய்ப் படைத்தார். கிடேரி எங்கள் தொழுவிலேயே நிற்கிறது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காமல் ஒரு வளையம் விழுந்திருக்கிறது. அவள் அரிவாளைச் செருகிக்கொண்டு வழக்கம்போல வருகிறாள். கோயில் பக்கம் அவளைப் பார்ப்பவர்கள், மாட்டைக் கொல்லப் பார்த்தவள் என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். அவள் இல்லை, நான்தான் என்று சொல்லச் சொல்ல என் பெயர் ஏறுகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு மாட்டின் கழுத்துக் கயிற்றிலும் இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன். விரல் பிசுக்கோடு வருகிறது, குமட்டுகிறது, சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். மற்ற மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். செவலை மட்டும் நான் கையை நீட்டினால் கயிறு விறைக்கிறவரை பின்னால் போய்விடும். கோயிலில் நான்தான் கட்டினேன் என்று எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. இதனிடம் நான் சொல்லவே இல்லை.