சிப்பப் உறைக்குள் ஒரு மாங்கொம்பு

போன வாரம் வரை என் கருவிப் பையின் உள்ளறையில், வெப்பமானிக்கும் டெஸ்டருக்கும் நடுவே, ஒரு சிப்பப் உறை மடித்துக் கிடந்தது. மட்டாஞ்சேரியில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இனிப்புத் தண்ணீரை ஊற்றி, முடிச்சுப் போட்டு, உறைய வைத்தால் பிள்ளைகள் நுனியைக் கடித்து உறிஞ்சுவார்களே, அந்த ஐஸின் பாலித்தீன் உறை. இரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். குளிர்பதன இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. வைட்டிலாவில் ஏதாவது ஹோட்டலின் குளிர் அறை வாசலில் நின்று பையைத் துழாவும்போது அந்த உறை கையில் தட்டுப்படும். பெரியப்பாவும் பெரியம்மாவும் நினைவுக்கு வருவார்கள். கூடவே, நான் எழுதியதிலேயே மிக மோசமான பட்டியலும்.

பெரியப்பாவுக்குக் குடிநீர்க் குழாய் வேலை. பெரியம்மா வீட்டில் சிப்பப் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றார். மற்ற நேரமெல்லாம் இருவருக்கும் செடிதான். உடைந்த குடைகளின் கம்பிகள் பாகற்கொடிக்குப் பந்தலாயின. குழாய்த் துண்டுகளில் கீரை முளைத்தது. சாம்பங்காய் வைன் பீங்கான் பரணியில் நுரைத்துக்கொண்டிருந்தது. எதைச் செய்தாலும் இருவரும் ஆளுக்கொரு விதமாகச் செய்து, யாருடையது தேறுகிறது என்று பார்ப்பார்கள். தோற்றவர் காம்பவுண்டில் உள்ள எல்லோருக்கும் சாயா போட வேண்டும். பெரும்பாலும் பெரியப்பாதான் போட்டார். அதனால் அவருடைய சாயா நன்றாக இருக்கும்.

நாங்கள் இரண்டு குடும்பமும் வாடகைக்கு இருந்த அந்தக் காம்பவுண்டின் மூலையில் ஒரு மாமரம் நின்றது. அதற்குப் பெயரே கிடையாது. கையடக்கப் பழம், தோலை ஒட்டிய சதையில் லேசாகக் கர்ப்பூர வாசனை. அதுபோல் ஒன்றைச் சந்தையிலும் பார்த்ததில்லை, யார் வீட்டிலும் தின்றதில்லை. நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, வேர் மதிலைப் பிளக்கிறது என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். பத்து நாளில் வெட்டப் போவதாகவும் சொன்னார். மதில் பிளந்திருந்தது உண்மை. யாரும் வாதாடவில்லை. பெரியம்மா மட்டும், "மரம் போனா போகட்டும். இந்தப் பழம் போகப்படாது" என்றார்.

திருப்பூணித்துறையில் ஒரு நர்சரிக்குக் குழாய் பதிக்கப் போனபோது பெரியப்பா ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருந்தார். கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, வேண்டிய மரத்தின் குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகிக் கட்ட வேண்டும். குச்சி வெட்டுவதற்குச் சில நாள் முன்பே நுனியின் இலைகளைக் கிள்ளிவிட்டால் மொட்டு திரளும். பெரியம்மா ஏணியில் ஏறி ஒரு கிளை முழுவதையும் மொட்டையடித்தார். எதிரே சாயாக்கடைச் சேட்டன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, என் ஒடஞ்ச பெஞ்சு நல்ல பிலாவாக்கும். அதையும் ஒண்ணு ஒட்டித் தா, பலாச்சக்கை காய்க்கட்டும்!"

மரம் விழும் நாள் காலையில் இருபது குச்சிகள் வெட்டினோம். அதே நாள் எங்கோ பெரிய குழாய் வெடித்து, பெரியப்பா இரண்டு நாள் வேலையிலேயே கிடந்தார். குச்சிகள் அதுவரை தாங்க வேண்டும். நான்தான் படித்தவள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்: ஒன்று, ஈரத்துணியில் சுற்றவும். இரண்டு, பாலித்தீன் பையில் இடவும். மூன்று, குளிரில் வைக்கவும். எவ்வளவு குளிர் என்று எழுதவில்லை. அந்த வீட்டில் குளிர் என்றால் சிப்பப் உறையும் பெட்டிதான். பெரியம்மா என் பட்டியலை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்.

மூன்றாம் நாள் வெளியே எடுத்தபோது குச்சிகள் கல்லாக இருந்தன. ஐஸ் விட்டதும் வேகவைத்ததுபோல் கறுத்துத் துவண்டன. உறையும் நீர் உயிரணுக்களைக் கிழித்துவிடும் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். பெரியம்மா என்னையும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாங்கொம்புல சிப்பப் போட்ட மொத ஆளு நாமதான், புள்ள" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மரம் இருந்த இடத்தில் மரத்தூள்தான் இருந்தது.

"வெட்டுன தடி எங்க போச்சு?" என்று பெரியப்பா கேட்டார். இடக்கொச்சி விறகு டிப்போவுக்கு. மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில், கொட்டும் மழையில் போனோம். டிப்போவில் மாங்கிளைகள் மலைபோல் கிடந்தன. எத்தனையோ வீட்டு மரங்கள். இதில் நம்முடையதை எப்படித் தேடுவது என்று நான் திகைத்து நிற்க, பெரியம்மா குவியலில் ஏறிவிட்டார். "நான் மொட்டையடிச்ச கெளைய எனக்குத் தெரியாதா?" மற்ற நுனிகளில் இலை வாடித் தொங்கியது. ஒரே ஒரு கிளையில் மட்டும் இலையே இல்லை. நீரைக் குடித்துத் தீர்க்க இலை இல்லாததாலும், மழையில் நனைந்து கிடந்ததாலும் அதன் நுனிகள் பச்சையாகவே இருந்தன. தேறியவை ஆறு.

குப்பைக் குழியில் முளைத்துச் செம்பு நிறத்தில் நின்ற கன்றுகளைத் தொட்டிகளுக்கு மாற்றி அன்று மாலையே கட்டினோம், ஆளுக்கு மூன்று. பெரியப்பா நர்சரியில் பார்த்தபடி தண்டைச் சுற்றிக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார். பெரியம்மா கட்டிய மூன்றின் தலையிலும் ஒரு சிப்பப் உறையைக் கவிழ்த்தார். "காத்துப் பட்டா காஞ்சிரும்" என்றார். பெரியப்பா, "தொப்பி போட்டா மரத்துக்குச் சளி பிடிக்காதாக்கும்" என்று கேலி செய்தார்.

பெரியப்பாவின் மூன்றும் வரிசையாகக் காய்ந்தன. பெரியம்மாவுடையதில் ஒன்று அழுகியது, ஒன்று கழன்று விழுந்தது. மூன்றாவது உறைக்குள் மட்டும் தினமும் காலையில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், துளிகளுக்கு நடுவே ஒரு சிவந்த கூர்முனை உறையை முட்டிக்கொண்டு நின்றது. பெரியப்பா தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாயாக்கடைக்கு ஓடினார், தோற்றது தான் என்பதே நினைவில்லாமல். சேட்டன் குனிந்து பார்த்து, "அம்பட! என் பெஞ்சை எப்போ கொண்டு வரட்டும்?" என்றார். அன்று பெரியப்பா எல்லோருக்கும் சாயா போட்டார். கழற்றிய உறையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு, டிகிரி குறிக்காமல் எந்தப் பட்டியலையும் நான் எழுதியதில்லை.

இப்போது அந்த மரம் மொட்டை மாடியில் நீல டிரம்மில் நிற்கிறது. இந்த வருடம் பதினொரு பழம். போன வாரம் வீட்டுக்காரர் ஏதோ வேலையாக மேலே வந்தார். வாசனையில் நின்றுவிட்டார். பெரியம்மா நீட்டிய துண்டைத் தின்றார். "இது அந்த மாங்காயல்லே?"

"அல்லாம பின்ன? நீங்க வெட்டினது மரத்தை மட்டுந்தானே" என்றார் பெரியம்மா.

அவர் தோலில் ஒட்டியிருந்த சதையையும் சுரண்டித் தின்றார். "எனக்கும் ஒரு கன்னு கிட்டுமோ, சேச்சி?"

மாடியில் முளைத்த கன்று ஒன்று தயாராகவே இருந்தது. பெரியப்பா குச்சியைச் சீவினார். தொப்பி விஷயத்தில் எப்போதோ கட்சி மாறிவிட்டவர், "தொப்பி எங்கே?" என்று அவரே கேட்டார். பெரியம்மா சிப்பப் போடுவதை நிறுத்தி நாளாகிறது. வீட்டில் ஓர் உறைகூட இல்லை. நான் கருவிப் பையைத் திறந்தேன்.

பழைய உறையை ஊதிப் பிரித்துக் கவிழ்த்துக் கட்டினேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். உறைக்குள் நீர்த்துளிகள் கோத்திருக்கின்றன.