நேராக நீந்தத் தெரியாதவன்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அம்மன்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

இளம்பிள்ளைவாதத்தில் என் இடது கால் சூம்பிவிட்டது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில், சுவரை ஒட்டி வட்டமடித்தே நீச்சல் பழகினேன். மாற்றுத்திறனாளிகள் நீச்சல் போட்டிக்காக மதுரைக்குப் போனபோது, அத்தனை பேர் முன்னால் கால்சட்டையைக் கழற்றவே உடம்பு கூசியது.

விசில் ஊதியதும் குதித்தேன். நேராகப் போகத்தான் நினைத்தேன். கிணற்றுப் பழக்கத்தில் வளைந்து, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பக்கத்தில் நீந்தியவர்மேல் மோதிவிட்டேன். இருவருக்குமே பந்தயம் போயிற்று. ஒரு கை இல்லாத அவர் மூச்சு வாங்கியபடி, “ஏலே, உங்க ஊருக் கிணறுன்னு நெனச்சியா? சுத்தி வர்ற!” என்றார். கரையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பெரியப்பா கோயில் மாலையோடு நிற்கிறார்.

“பெரியப்பா, நான்...”

“மதுர வரைக்கும் போனவன் தோத்தா வருவான்? நீ செயிச்சதுக்கு ஆத்தாளுக்குப் பொங்கலே வச்சாச்சு. வாடா, எல்லாரும் காத்திருக்காக!”

சாமிக்குப் படைத்த பிறகு ஜெயிக்கவில்லை என்று சொன்னால் தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று பயந்து, மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். எல்லோரோடும் உட்கார்ந்து அந்தப் பொங்கலையும் சாப்பிட்டேன். இன்றும் என் பிள்ளைகள் அப்போது ஜெயித்த பதக்கம் எங்கே என்று கேட்கிறார்கள்.

படிப்பவர்கள் இதை யாரிடமாவது சொன்னால், நான் மோதியதையும் சேர்த்து உள்ளபடியே சொல்லுங்கள். பாசத்தில் என்னை ஜெயிக்க வைத்துவிடாதீர்கள்.