துரை பங்களாவில் கூரை ஒழுகுது

பழைய சாமான்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றிவிடலாம். கொடுத்தவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. என்னைப்போல பழைய கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இது புரியும். மலாய் நாட்டில் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவை அரசாங்கம் அருங்காட்சியகமாக்கி, சாவியை என்னிடம் கொடுத்து ஏழு வருஷமாச்சு. உள்ளே இருப்பதெல்லாம் தோட்டத்து, டவுன் ஜனங்கள் கொடுத்தவை. போன மழையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கூரையை மாற்றுவதா, பங்களாவை மூடிச் சாமான்களை அலோர்ஸ்டார் கிடங்குக்கு ஏற்றுவதா என்று அவர்தான் முடிவு செய்வாராம்.

புளி

கூட்டிப் பெருக்க வருகிற சரோஜா அக்காவின் அப்பா கொடுத்தது ஒரு பித்தளை மணி. பால்மரம் சீவ ஆள் கூப்பிட அடித்த மணி. அதில் படிந்த கருப்புக்குத்தான் மதிப்பே. நான் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய் வருவதற்குள் அக்கா புளி போட்டுத் தேய்த்து, பொட்டும் வைத்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அவர் தேய்த்த வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், மணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன தம்பி முழிக்கிறீங்க? எங்கப்பா மணி அழுக்கா இருந்தா, வர்ற அம்மா என்னைத்தானே கேவலமா பேசும்?"

தேக்சா

காதர் அண்ணனுக்குக் கோலா கெத்திலில் சாப்பாட்டுக் கடை. அவர் கொடுத்த பிரியாணி தேக்சா செம்பில் செய்த பெரிய அண்டா. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். அதிகாரி வர நாலே நாள் இருக்கும்போது வேனோடு வந்து நின்றார். மகளுக்கு நிக்காஹ், அலுமினியத்தில் ருசி வராதாம். அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டதாக அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மரியாதையாகப் படித்தார். பிறகு தேக்சாவின் ஒரு காதை அவர் பிடித்து, மற்றதை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், வேறென்ன செய்ய? விருந்தில் இரண்டு தட்டு சாப்பிட்டதையும் ஒப்புக்கொள்கிறேன். தூக்கும்போது அவர் சொன்னது இதுதான்:

"கொடுத்தது வாஸ்தவம்தான் தம்பி. ஆனா பிரியாணிக்கு அது தெரியாதுலா."

அந்த அம்மா வந்த நாள்

தேக்சா முந்தின நாளே திரும்பிவிட்டது. ஆனால் அதிகாரியம்மா வந்த நேரம் பார்த்து மழை. நாலு வாளி வைத்தேன். ஐந்தாவது இடத்திலும் சொட்டியது. மலாய்க்கார அம்மா, நல்ல மனுஷி. வருத்தத்தோடுதான், "எல்லாம் அலோர்ஸ்டார் போவதுதான் பாதுகாப்பு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரோஜா அக்கா மணியைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அக்கா, எங்கே?" என்றேன். "வீட்டுக்கு. கண்ணு காணாத கிடங்குல வைக்கவா எங்கப்பா கொடுத்தாரு?" என்றவர், வாசலில் நின்று காதர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் வேன் வந்தது. பின்னாலேயே நாலைந்து மோட்டார் சைக்கிள்களில் மற்றச் சாமான்களைக் கொடுத்தவர்கள். ஒருவர் தையல் மிஷினைத் தூக்கினார், இன்னொருவர் மாதா கோவில் ஹார்மோனியத்தை. அதிகாரியம்மா திகைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அதைக் கொடுத்தவர், அவர் எழுந்திருக்கட்டும் என்று பக்கத்திலேயே காத்து நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பிறகு மலாயில் என்னிடம் சொன்னார்:

"கூரையை மாத்துறதுதான் லேசு. எல்லாரையும் இறக்கி வைக்கச் சொல்லுங்க."

வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே 'காப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். காத்தது யார் என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.