ஆறேகாலுக்கு எரியும் அடுப்படி விளக்கு

மனைவி இறந்த பிறகு, குரங்கணிக்கு மேலே இருக்கும் தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போடியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஆளில்லை என்று தெரிந்தால் ஏலக்காயைச் செடியிலிருந்தே உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மகள் ஒரு ஏற்பாடு செய்தாள். மலை வீட்டில் சுவிட்சுகளை மாற்றி, சிம் போட்ட ஒரு பெட்டியை வைத்தார்கள். போடியில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே அங்கே விளக்குப் போடலாம், அணைக்கலாம். அங்கே யாராவது கையால் சுவிட்சைத் தட்டினாலும் இங்கே திரையில் ஒரு வட்டம் மஞ்சளாகும்.

"எது எது எத்தன மணிக்குப்பா எரியணும்?" என்று மகள் கேட்டாள்.

யோசிக்காமல் சொன்னேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு அடுப்படி விளக்கு, கூடவே ரேடியோ. ஆறரைக்கு முன்வாசல். எட்டரைக்கு ரேடியோ நிற்க வேண்டும், ஒன்பதுக்கு அடுப்படி அணைய வேண்டும். தட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"இது அம்மாவோட நேரம்ப்பா."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாற்றச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அடுப்படி வட்டம் மஞ்சளாகும்போது, பூட்டிய வீட்டுக்குள் என் மனைவி குனிந்து அரிசி களைவது போலத் தோன்றும். பயமாக இருக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது.

அடுத்த காய் எடுப்புக்கு ஆள் வரவில்லை. மூன்று நாள் தள்ளிப்போனது. இன்னும் தள்ளினால் காய் பழுத்து வெடித்துவிடும். அந்தக் காய்க் காசு வருவதால்தான் மகள் வீட்டுச் சோற்றைக் கூசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலையில், காய் எடுக்கும் பெண்களைக் கூட்டிவருகிறவள் வாசலில் வந்து நின்றாள். என் மனைவியை மதினி என்று கூப்பிடுகிறவள்.

"ஏன் தாயி, யாருமே வரல?"

"எப்படிண்ணே வர்றது? மதினி இன்னும் போகல. அந்தி சாஞ்சா அடுப்படியில வெளக்கு எரியுது, ரேடியோ பாடுது. பொம்பளைக அந்தப் பாதையில கால வைக்க மாட்டேங்குதுக."

உள்ளே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். நேரத்தைக் குறித்துவைத்தது நான்தான், கம்ப்யூட்டர்தான் போடுகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தாள்.

"செத்தவுகள வாட்ச்மேன் வேலைக்கு வச்சிருக்கீகளாக்கும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அதுகதான் பயந்துச்சுக. நான் பயப்படலண்ணே. சன்னலோரம் நின்னு என் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் மதினிகிட்டச் சொல்லிட்டு வந்தேன். ரேடியோகிட்டயா சொல்லிருக்கேன்?"

அவள் முன்னாலேயே அடுப்படி விளக்கையும் ரேடியோவையும் நேரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். முன்வாசல் மட்டும் இருந்தது. கூடைகளை எடுக்க வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

"மத்ததுககிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளைக்கு வந்துருவோம்" என்று போய்விட்டாள்.

சொன்னபடி வந்தார்கள். காய் எடுப்பு நடந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாளைப் போலவே அன்று சாயங்காலமும் ஆறேகாலுக்கு அந்த வட்டம் இருட்டாகவே இருந்தது. என் மனைவி இறந்த அன்றுகூட அந்த அடுப்படியில் விளக்கு எரிந்தது, சொந்தக்காரர்கள் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு இருபதுக்கு வட்டம் மஞ்சளானது.

நான் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாவி வாங்கிப்போனவளுக்குப் போன் செய்யத் தோன்றியது.

"நாந்தாண்ணே" என்றாள். பின்னால் ஜீப்புச் சத்தம் கேட்டது. "கூடைய வச்சுட்டு வீட்டப் பூட்டப் போனேன். அடுப்படி இருட்டாக் கெடந்துச்சு. மனசு கேக்கல."

"மத்தவங்க பயப்படலயா?"

"அதுகதான் போடச் சொல்லுச்சுக. நாங்க மலைய விட்டு எறங்கிட்டோம். ஒம்போதுக்கு நீங்க அணைச்சிருங்க."

ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்து அணைத்தேன். அதற்குமுன் தினமும் கம்ப்யூட்டர்தான் அணைத்துக்கொண்டிருந்தது. என் கையால் அணைத்தது அதுதான் முதல் தடவை.