ரத்தினபாய் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்தெருவில், ஒரு வாடகை வீட்டில் நடந்த பெண்பிள்ளைகள் இல்லத்தில் நான் வளர்ந்தேன். ரத்தினபாய் அக்கா அதன் பொறுப்பாளர். காலையில் பெருங்களத்தூரிலிருந்து வந்தால் நாங்கள் படுத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது. வெளியிலிருந்து யாராவது தங்கள் பிறந்தநாளை எங்களோடு கொண்டாட வருவார்கள். பிரியாணி வரும், கேக் வரும். முகம் தெரியாத அங்கிள்களுக்கெல்லாம் தொண்டை கிழியப் பாடுவோம். சில வாரம் இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். முதல் சாப்பாட்டை அரை வயிறு சாப்பிடச் சொல்வார் அக்கா, அடுத்து வருகிறவர்கள் மனசு நோகக் கூடாதாம். புதன்கிழமை என்றால் வெறும் ரசம்தான். தாம்பரம் பக்கம் புதன்கிழமையில் யாருமே பிறப்பதில்லை போலிருக்கிறது.

ஒருமுறை எங்கள் ஏரியாவிலேயே இருந்த அனந்தகிருஷ்ணன் சார் தன் அப்பாவின் நினைவுநாளுக்கு வடை பாயசத்தோடு வந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தும் நாங்கள் பழக்கதோஷத்தில் ஹேப்பி பர்த்டே பாடிவிட்டோம். அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. சாரோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்பாவுக்கு யாரும் பாடினதே இல்லையாம். அதிலிருந்து வருஷம் தவறாமல் வந்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லக் கூடாது.

எனக்குப் பதினெட்டு முடிந்தபோது நர்சிங் படிப்பில் பாதியில் இருந்தேன். பதினெட்டுக்கு மேல் இல்லத்தில் இருக்க முடியாது. அரசு விடுதியில் இடம் இருந்தது, ஆனால் வேறு மாவட்டத்தில். போனால் படிப்பு போச்சு. குழந்தைகள் நல அதிகாரி அக்காவை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். விதியை மீறி அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அனந்தகிருஷ்ணன் சார் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. படிப்பு முடியும்வரை எனக்கு அதைத் தர முடியுமா என்று அக்கா கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. எத்தனை பேருக்கு வேணா சாப்பாடு போடறேன். வீட்டோட ஒரு பொண்ணுன்னா பொறுப்பாச்சே" என்றார் சார்.

"சரி சார். திங்கக்கிழமையும் இவளுக்குப் பசிக்கும், அதான் கேட்டேன்" என்றார் அக்கா.

கடைசியில், தான் தனியாக இருந்த ஒற்றை அறைக்கே என்னைக் கூட்டிப் போனார். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். எனக்கு அம்மா என்று ஒருத்தி இருந்தது அந்த நாட்களில்தான்.

அடுத்த வருஷம் ஷீபாவுக்குப் பதினெட்டு. இல்லத்தில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி அக்காவைக் கேட்டாள். அறையில் இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. அக்காவே அவளை அந்த வெளிமாவட்ட விடுதியில் விட்டுவிட்டு வந்தார். அன்று தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, அதனாலதான் அவ என்னைக் கேட்டா. இல்லன்னா கேட்டிருக்கவே மாட்டா, பிளஸ்ஸி."

சில மாதங்களில் ஷீபா விடுதியை விட்டு எங்கோ போய்விட்டதாகத் தகவல் வந்தது. நான் படித்து முடித்து, கேளம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிறேன். என்னோடே இருந்த அக்கா போன வருஷம் காலமானார். வேலை முடிந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அவகிட்டேருந்து போன் வந்துச்சா?" என்றுதான் கடைசிவரை கேட்டார்.