அம்பு ஸ்டிக்கரில் எழுதிய பாஸ்வேர்டு

எங்கள் பனியன் கம்பெனியில் முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கம்பெனி பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். பேக்கிங்கில் இருப்பவர்களுக்கும் தெரியும், டீ கொண்டு வருகிறவருக்கும் தெரியும். அதை மாற்றியவள் சத்யப்பிரியா.

அவள் எங்கள் அயர்னிங் டேபிளில் நிற்கும் முத்துப்பேச்சியின் மகள். ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூன்று வயதில் திருப்பூருக்கு வந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரியில் சைபர் செக்யூரிட்டி பாடத்தில் சேர்ந்தாள். நெருப்பெரிச்சலில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் அதற்கு முன் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. "அப்படின்னா போலீஸ் வேலையா?" என்று கேட்டவர்களுக்கு, "இல்லக்கா, பூட்டு சரியா இருக்கான்னு பாக்குற வேலை" என்று சொல்வாளாம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கல்லூரி விதி. அது இல்லாவிட்டால் அந்தப் பருவத்தில் தேர்ச்சி இல்லை. முத்துப்பேச்சி கேட்டதும் மேனேஜர் நஜீமுதீன் சார் ஒத்துக்கொண்டார்.

வந்த முதல் நாளே ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். எழுத்தில் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே அவர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்களாம். "நீ என்னம்மா, வக்கீலாட்ட வர்றே" என்று சிரித்துக்கொண்டே சார் கையெழுத்துப் போட்டார். பிறகு புது ஷெட்டுக்கு ஒயர் இழுத்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் படம் வரைந்தாள். இரண்டாம் மாதம் எல்லோருக்கும் தனித்தனியாக லாகின் கொடுத்தாள்.

எனக்கும் ஒன்று. நான் பைனல் செக்கிங். தைத்த பனியன்கள் கட்டுக் கட்டாக, லாட் லாட்டாக என்னிடம் வரும். எந்த லாட் பாஸ், எந்த லாட் ஃபெயில் என்று நான்தான் கம்ப்யூட்டரில் போட வேண்டும். எட்டாவதோடு நின்றவள், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் அடிப்பேன். பேக்கிங் சூப்பர்வைசர் வேல்குமார் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டார்: "பழனாத்தாக்கா, இனி எங்ககிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது உங்களுக்கு மட்டுந்தான்க்கா. யாருக்கும் சொல்லக் கூடாது" என்றாள் சத்யப்பிரியா. பதினோரு எழுத்து. மூன்று நாள் மறந்து மறந்து அவளையே கேட்டேன். நாலாம் நாள் கேட்கக் கூச்சமாக இருந்தது. செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். இருபது வருடமாக மறக்கக் கூடாதது எது என்றாலும் என் கை அந்த ஸ்டிக்கருக்குத்தான் போகும். அதிலேயே பாஸ்வேர்டை எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மவுஸ் ஒயரை மாற்ற வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "இன்னைக்கே கிழிச்சிருங்கக்கா. மனப்பாடம் ஆயிரும்" என்றாள். சரி என்றேன். கிழிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு லாட்டில் ஆயில் கறை. ஃபெயில் என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது என் நாற்காலியிலிருந்து வேல்குமார் எழுந்து போவதைப் பார்த்தேன். நான் போய் அடுத்த லாட்டை எடுத்தேன். சாயங்காலம் அந்த லாட் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. மறுநாள் சரக்கு வாங்கும் பையரின் ஆள் பெட்டியைத் திறந்து பார்த்துக் கறை பிடித்த பீஸை மேஜைமேல் போட்டார். கம்ப்யூட்டரில் பாஸ் என்று இருந்தது. என் லாகினில், மதியம் ஒன்று பத்துக்கு.

சார் கூப்பிடுகிறார் என்றதும் முதலில் கீபோர்டைத் திருப்பி ஸ்டிக்கரைப் பிய்த்துப் பர்ஸுக்குள் வைத்தேன். அதற்கப்புறம்தான் அவர் ரூமுக்குப் போனேன். சத்யப்பிரியா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

"பாஸ்வேர்டை யாருக்காச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

பொய் இல்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை.

"அப்ப உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் மட்டுந்தான் தெரியும். நீங்க சாப்பிட்டுட்டு இருந்ததை நானே பார்த்தேன்." சார் அவள் பக்கம் திரும்பினார். "வெளையாடிப் பார்த்தியாம்மா?"

"இல்ல சார்" என்றாள். ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சான்றிதழ் கிடையாது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சார் சொல்லும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் முத்துப்பேச்சி எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"எம்பொண்ணு அப்படிச் செய்யாது மதினி. திங்கக்கிழமை காலேஜுல பேப்பரக் கொடுக்கணுமாம். நேத்துல இருந்து சரியாச் சாப்பிடல." பிறகு எனக்குக் கொஞ்சம் ஊறுகாய் வைத்தாள். "உங்க பேர்லயே எவனோ செஞ்சிட்டானே. உங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்."

அந்த ஊறுகாயைத் தொடாமலே என் டப்பாவை மூடினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் சார் ரூம் வாசல் வரை போய்த் திரும்பினேன். திங்கட்கிழமையும் அப்படியே போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே போய், பர்ஸிலிருந்த அம்பு ஸ்டிக்கரை எடுத்து அவர் மேஜைமேல் ஒட்டினேன்.

"கீபோர்டுக்கு அடியில நாந்தானுங்க ஒட்டி வெச்சிருந்தேன். அன்னைக்கு வேல்குமார் என்ற சேர்ல இருந்து எந்திரிச்சுப் போனதையும் பார்த்தேனுங்க."

"ஏனுங்க, இதை அன்னைக்கே சொல்ல முடியலைங்களா?" என்று கேட்டார் சார். கண்டெய்னர் கிளம்ப நேரமாகிவிட்டதால், ஸ்டிக்கரைப் பார்த்துத் தானே பாஸ் என்று மாற்றியதாக வேல்குமார் பிறகு ஒத்துக்கொண்டார். அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். எனக்குப் புது பாஸ்வேர்டு கொடுத்தார்கள், வேறொன்றும் ஆகவில்லை. அதுவும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலமே சான்றிதழை நானே வாங்கிக்கொண்டு சத்யப்பிரியா வீட்டுக்குப் போனேன். வாசலில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"காலேஜுல கெடு நேத்தோட முடிஞ்சிருச்சுக்கா. இனி அடுத்த வருசம் ஜூனியர்ஸ்கூடத்தான், இந்தப் பேப்பர் அப்ப செல்லாது. மங்கலத்துல ஒரு கம்பெனில கேட்டிருக்கேன். முதல்ல இருந்து ரெண்டு மாசம்."

"நீ அந்த ஸ்டிக்கரைப் பார்த்தியே கண்ணு. சார்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்." காகிதத்தை மடித்தாள். "பாத்த அன்னைக்கே நானும் பாஸ்வேர்ட மாத்தியிருக்கணும். அது என் தப்பு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "புதுசு எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எங்கயும் இல்ல."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, மீதித் துணியைக் காயப்போடத் திரும்பினாள்.

இப்போது பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். ஆனாலும் காலையில் வந்து உட்கார்ந்ததும் என் விரல் கீபோர்டுக்கு அடியில் போகிறது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.